பந்துக்கு முந்திப் போகும் துடுப்பு: நம் திருகோணமலைப் பொடியன்மார் விடவேண்டிய தவறுகள்

உப்புவெளிக் கடற்கரையில் ஈர மணலில் மென்பந்துக் கிரிக்கெட் விளையாடி ஓவருக்கு இரண்டு சிக்ஸ் அடிக்கிற ஒரு பொடியன், முதல் தடவையாகக் கடினபந்தில் ஆட மெக்கெய்சர் மைதானத்தில் இறங்குகிறான். நாலாவது பந்து கொஞ்சம் முன்னுக்கு விழுகிறது, ட்ரைவ் பண்ணு என்று தானே கேட்கிற பந்து. முழு வீச்சில் அடிக்கிறான். பந்து சோம்பலாக மேலே எழும்பி, பந்துவீச்சாளருக்குக் கொஞ்சம் தள்ளி மிட் ஓஃபில் நிற்கிறவரின் கைக்குள் போய் விழுகிறது. வெளியே வந்ததும் "பந்து நின்று வந்தது அண்ணா" என்கிறான். பந்து நிற்கவில்லை. துடுப்பு முந்திப் போய்விட்டது.

பின்னேரங்களில் பொடியன்மாருக்குப் பந்து எறிந்து கொடுத்துப் பல வருடமாகிறது. இந்த ஒரு காட்சியை நான் பார்த்த அளவுக்கு வேறு எதையும் பார்த்ததில்லை. ஆனாலும் வந்து கேட்கிறவர்கள் எல்லாரும் கேட்பது "கைப்பலம் காணாது, என்ன செய்யலாம்" என்றுதான். பலம் பிறகு பார்க்கலாம். முதலில் டைமிங் என்றால் என்ன என்று விளங்கிக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு மற்றத் தவறுகள் தாமாகக் கண்ணில் படும்.

துடுப்பு மேலிருந்து கீழே வந்து, அடியில் ஒரு கணம் நேராக ஓடி, பிறகு மேலே ஏறுகிறது. ஊஞ்சல் மாதிரி. அந்த அடிப்பகுதியில், உங்கள் கண்ணுக்குக் கீழே பந்து சந்தித்தால் அது தரையோடு போகும், கையில் அதிர்வே தெரியாது. துடுப்பு முந்திவிட்டால் அது மேலே ஏறுகிற நேரத்தில் பந்து வந்து மோதும், அதனால்தான் மிட் ஓஃப், மிட் ஓன், கவர் பக்கம் லட்டு மாதிரி பிடி போகிறது. பிந்திவிட்டால் ஸ்டம்ப் பறக்கும், இல்லையென்றால் காலில் படும். நான் பார்த்தவரை நம் பொடியன்மாரில் பிந்துகிறவர்கள் குறைவு. முந்துகிறவர்கள்தான் கூட.

ஏன் முந்துகிறோம்? மணலில் பந்து விழுந்து எழும்புவதற்குள் வேகம் செத்துவிடும், அதனால் நாமே பந்தைத் தேடிப் போய் அடிக்கப் பழகிவிடுகிறோம். அதோடு காற்று. மே, ஜூன் தொடங்கிக் கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்குப் பிடித்து வீசுகிற மாதங்களில், கடற்பக்கம் தூக்கிவிட்ட பந்து எங்கேயோ போய் விழும். அது உங்கள் டைமிங் இல்லை, காற்று. டென்னிஸ் பந்து அறுபது கிராம்கூட இல்லை, கடினபந்தோ 156 முதல் 163 கிராம் வரை. முதலாவதைக் காற்று தூக்கிக்கொண்டு போகும், இரண்டாவது துடுப்பின் நடுவில் பட்டால் மட்டும்தான் போகும். கடற்கரையில் விளையாட வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், நானும் அங்கேதான் பழகினேன், கண்ணும் கையும் அங்கேதான் கூர்மையாகும். அங்கே பழகிய அவசரத்தை மைதானத்துக்குக் கொண்டுவராதீர்கள், அவ்வளவுதான்.

(ஒன்று கவனித்திருக்கிறேன். ஒழுங்கையில் விளையாடி வளர்ந்தவர்கள் இந்த விஷயத்தில் கடற்கரைப் பொடியன்மாரைவிடக் கொஞ்சம் மேல். மதிலுக்கு மேலால் போனால் அவுட் என்ற சட்டம் பந்தைத் தரையோடு வைக்கப் பழக்கிவிடுகிறது.)

பெரிய தவறு, மற்ற எல்லாவற்றுக்கும் தாய் என்று நான் நினைப்பது, பந்து கையை விட்டு வருமுன்பே என்ன ஷொட் என்று முடிவெடுப்பது. இதைக் காலில் கண்டுபிடிக்கலாம். பந்துவீச்சாளர் கையைச் சுழற்றும்போதே முன்கால் போய் ஊன்றிவிடும். ஊன்றிய பிறகு பந்து கட்டையாக விழுந்தால் பின்னுக்குப் போக முடியாது, வெளியே விழுந்தால் கிட்டப் போக முடியாது, கை மட்டும் நீண்டு தடவும். ஆடுகளத்தின் நீளம் 20.12 மீற்றர், கிறீஸுக்கு முன்னால் நின்று ஆடும்போது பந்து உங்களிடம் வரக் கடக்கும் தூரம் ஏறக்குறைய பதினெட்டு மீற்றர். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால் அதற்கு அரைச் செக்கனுக்கும் மேலே கிடைக்கிறது. அது போதும். கையை விட்டு வருகிற நேரம் சின்னதாக ஒரு அசைவு, இரண்டு பாதத்திலும் சமமாகப் பாரம், பிறகு பந்து எங்கே விழப்போகிறது என்று தெரிந்ததும் ஒரே எட்டு. நம் மஹேல ஜெயவர்தன லேட் கட் ஆடுவதைப் பழைய வீடியோக்களில் பாருங்கள். பந்து ஏறக்குறைய கீப்பரின் கைக்குப் போகப்போகிற நேரத்தில்தான் துடுப்பு அதைத் தொடும். 2006இல் தென்னாபிரிக்காவுக்கு எதிராக 374 ஓட்டம் எடுத்தவர், அவருக்கும் அதே நேரம்தான் கிடைத்தது. கடைசி வரைக்கும் பொறுத்தார்.

இதற்கு நான் கொடுக்கிற பயிற்சி ஒன்றுதான், பொடியன்மாருக்கு இது சலிப்பு என்று தெரியும். பத்து மீற்றரில் இருந்து கையைக் கீழால் வீசி மெதுவாகப் பந்து போடச் சொல்லுங்கள். ட்ரைவ் ஆடுங்கள், ஆனால் பந்தில் பட்ட இடத்தில் துடுப்பை நிறுத்திவிடுங்கள், தோளுக்கு மேலே கொண்டுபோக வேண்டாம். நிறுத்திய துடுப்பு உங்கள் மூக்குக்கு நேர் கீழே, முன்காலுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அரை மீற்றர் முன்னுக்கு நீண்டிருந்தால் முந்திவிட்டீர்கள். முழு வீச்சு இல்லாமலே பந்து எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று முதல் நாளே ஆச்சரியப்படுவீர்கள்.

"பந்தைப் பார், பந்தைப் பார்" என்று எல்லாரும் கத்துவோம். எதைப் பார்க்கச் சொல்கிறோம் என்று யாரும் சொல்வதில்லை. 2000ஆம் ஆண்டில் மைக்கல் லேண்ட், பீற்றர் மெக்லியட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் துடுப்பாட்டக்காரரின் தலையில் கமரா பொருத்தி, கண் எங்கே போகிறது என்று பார்த்தார்கள். பந்து புறப்படும் இடத்தில் கண் ஒரு கணம் நிற்கிறது, பிறகு பந்தைப் பின்தொடராமல், அது விழப்போகிற இடத்துக்கு முந்தியே தாவிப் போய்க் காத்திருக்கிறது. திறமையானவரின் கண் மற்றவர்களைவிடச் சீக்கிரமாகத் தாவியது. அதாவது பந்து புறப்படுகிற அந்தக் கொஞ்ச நேரத்தைத் தவறவிட்டால் பிறகு எவ்வளவு முறைத்துப் பார்த்தும் பலன் குறைவு. பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கியதிலிருந்தே முறைத்துக்கொண்டிருந்தால் கண் களைத்துவிடும். ஓடிவரும்போது இலேசாகப் பாருங்கள், அவர் துள்ளுகிற நேரத்தில் கண்ணைப் பந்து பிடித்த கைக்குக் கொண்டுபோங்கள். 2013இல் வந்த இன்னொரு ஆய்வில், உயர்மட்டத் துடுப்பாட்டக்காரர்கள் பந்து வர வர அதோடு சேர்த்துத் தலையையும் திருப்புவது தெரிந்தது. கண்ணை மட்டும் உருட்டாதீர்கள், மூக்கையும் பந்தின் பக்கம் காட்டுங்கள்.

தலை என்றதும் அடுத்தது வந்துவிடுகிறது. லெக் பக்கம் இழுத்து அடிக்கிற ஆசையில் வலக்கைப் பொடியன்மார் முன்காலைக் குறுக்கே போட்டு, தலையை ஓஃப் ஸ்டம்புக்கு வெளியே சாய்த்துவிடுகிறார்கள். தலை சாய்ந்தால் உடம்பு சாயும், துடுப்பு தன் காலைச் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருக்கும், நேராக வருகிற பந்து காலில் படும். காலில் பட்டதற்கு எல்பிடபிள்யூ அவுட் கொடுத்த நடுவரோடு கோபிப்பதில் பிரயோசனம் இல்லை. நண்பர் ஒருவரைப் பந்துவீச்சாளர் முனையில் போனோடு நிற்கச் சொல்லி பத்துப் பந்து வீடியோ எடுங்கள். துடுப்பு பந்தைத் தொடுகிற இடத்தில் படத்தை நிறுத்துங்கள். இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா? முன்முழங்கால் மடிந்து தலை அதற்கு மேலே இருக்கிறதா? இதைவிட நல்ல கோச் கிடைக்கமாட்டார்.

அடுத்தது துடுப்பைப் பிடிக்கிற விதம். கீழ்க்கை, அதாவது கைபிடியில் கீழே இருக்கிற கை, இறுகினால் துடுப்பின் முகம் திரும்பும், பந்து மேலே போகும், இல்லையென்றால் மிட்விக்கெட்டுக்குத் திரும்பிப் போகும். நம் ஊரில் இதைச் சொல்லிக் கொடுப்பது சுலபம். கைத்தூண்டில் போடுகிறவர் நூலை இறுக்கிப் பிடிப்பாரா? இறுக்கினால் மீன் கொத்துவது விரலுக்குத் தெரியாது. கீழ்க்கையில் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் துடுப்பைத் தாங்கினால் போதும், மேல்கை வழிநடத்தட்டும். இரண்டு கையிலும் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் விழுகிற பள்ளம், துடுப்பின் முதுகு நடுவுக்கும் வெளி ஓரத்துக்கும் இடையில் ஒரே கோட்டில் வரவேண்டும். அடிக்கிற கணத்தில் கை தானாக இறுகும், அதை நீங்கள் முதலே செய்துவைக்க வேண்டாம்.

இதோடு சேர்ந்த ஒன்று, பாரமான துடுப்பு. அண்ணனுடைய துடுப்பு, மாமா கொழும்பிலிருந்து வாங்கிவந்த பெரிய துடுப்பு, வளர்ந்த பிறகும் பயன்படும் என்று வாங்கிய துடுப்பு. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது உலக்கை. மேல்கையால் மட்டும் பிடித்துப் பத்துத் தடவை பின்னுக்குத் தூக்கி நேராக வீசிப் பாருங்கள். ஏழாவது தடவையில் முழங்கை விழுந்தால் அந்தத் துடுப்பு உங்களுக்கு இல்லை. பாரமான துடுப்பை நேரத்துக்குக் கீழே கொண்டுவர முடியாததால்தான் பிள்ளைகள் முந்தியே தொடங்குகிறார்கள், பிறகு மெதுவான பந்துக்கு அகப்படுகிறார்கள். பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பெண்பிள்ளைக்கு வாங்கினாலும் இதே கணக்குத்தான், அண்ணனின் பழையதை நீட்டாதீர்கள்.

ஓஃப் ஸ்டம்புக்கு நன்றாக வெளியே போகிற பந்தைக் கை நீட்டித் தொடுவது எல்லாருக்கும் தெரிந்த தவறு, அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, விட்டுவிடுங்கள். விடுவதையும் வலை கட்டிய நெட்ஸில் பயிற்சியாகச் செய்யுங்கள், பத்துப் பந்தில் இரண்டையாவது.

நெட்ஸ் என்றதும் எனக்கு வருகிற கவலை வேறு. பத்து நிமிடம் கிடைக்கும், அதில் ஒன்பது நிமிடம் தூக்கி அடிப்பார்கள், வலை தடுப்பதால் அது பிடியா நாலா என்று தெரியாது. ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் களத்தடுப்பு எங்கே நிற்கிறது என்று மனதில் வைத்து, இது போயிருக்குமா என்று கேளுங்கள். மெட்டிங் விரித்த கொங்கிறீட்டில் மட்டும் பழகியவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். அங்கே பந்து ஒரே உயரத்தில் நன்றாக எழும்பி வரும். புல் ஆடுகளத்தில் சிலது தாழ்ந்து, சிலது பிந்தி வரும். அங்கே போன முதல் பத்துப் பந்துக்கு ட்ரைவை மறந்து, வருகிற பந்தைக் காலடியில் தடுத்து வேகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நிற்கிற விதத்தைப் பார்த்துக் காப்பி அடிப்பதும் வேண்டாம். மேற்கிந்தியத் தீவுகளின் சந்தர்போல் பந்துவீச்சாளருக்கு முகம் கொடுத்து நின்றார், அவுஸ்திரேலியாவின் பிராட்மன் துடுப்பை நேராகப் பின்னுக்குத் தூக்காமல், கீப்பருக்குப் பக்கத்தில் இருக்கிற ஸ்லிப் பக்கம் தூக்கினார், அவருடைய டெஸ்ட் சராசரி 99.94. இவர்களிடம் எடுக்கவேண்டியது நிற்கிற விதம் அல்ல, பந்தைத் தொடுகிற கணத்தில் தலை ஆடாமல் இருப்பதை.

ஒரு கொப்பி வையுங்கள். எப்படி அவுட் ஆனீர்கள் என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வரி. ஆறு ஆட்டத்தில் மூன்று மிட் ஓஃப் பிடி என்றால் முந்துகிறீர்கள். கால்தான் திரும்பத் திரும்ப மாட்டுகிறது என்றால் தலையைப் பாருங்கள். துடுப்புக்கும் காலுக்கும் நடுவால் புகுந்து ஸ்டம்ப் போகிறது என்றால் கை உடம்பை விட்டு விலகுகிறது. ஸ்லிப் பிடி என்றால் கீழ்க்கை இறுக்கமா, விடவேண்டியதைத் தொட்டீர்களா என்று கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திருத்துங்கள், மூன்றையும் சேர்த்துத் திருத்தப் போனால் களத்தில் யோசித்துக்கொண்டு நிற்பீர்கள்.

கார்த்திகை மார்கழி மழையில் மைதானம் ஊறிக் கிடக்கும்போது என்ன செய்வது என்று கேட்பார்கள். பிராட்மன் சின்ன வயதில் பௌரல் ஊரில் தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் அடிச்சுவரில் கோல்ஃப் பந்தை எறிந்து, திரும்பி வருவதை ஒரு ஸ்டம்பால் அடித்துப் பழகினார். உங்களுக்கு டென்னிஸ் பந்தும், ஒரு ஸ்டம்பும், கூரைக்குக் கீழே ஒரு சுவரும் போதும். மூன்று மீற்றரில் நில்லுங்கள், எறிந்து, திரும்பி வருவதை மெதுவாகத் தடுத்துச் சுவருக்கே அனுப்புங்கள். முதல் கிழமை மேல்கையால் மட்டும். ஐம்பது தரம் தொடர்ந்து தவறாமல் பட்டதும் கீழ்க்கையைச் சேருங்கள், அதுவும் இரண்டு விரலால் மட்டும்.