குளிர்பானம் வாங்கும் முன் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

உடல் பருமனைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவைக்க வேண்டியது இனிப்புப் பானங்களில்தான் என்பது என் உறுதியான கருத்து. திரவமாக உள்ளே போகும் சர்க்கரையால் வயிறு நிறைந்த உணர்வு அவ்வளவாக வருவதில்லை. கலோரி மட்டும் சேர்ந்துகொண்டே போகிறது.

பாட்டிலின் பின்புறம் 100 மில்லிலிட்டருக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று அச்சிட்டிருப்பார்கள். முழு பாட்டிலுக்கும் அதைக் கணக்கிட்டு, 4-ஆல் வகுத்தால் எத்தனை தேக்கரண்டி என்று தெரிந்துவிடும். 330 மில்லி கோலாவில் ஏறக்குறைய 35 கிராம், அதாவது கிட்டத்தட்ட 9 தேக்கரண்டி! நாள் முழுவதற்குமே சுமார் 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். முழுப் பழத்தில் இயல்பாக உள்ள சர்க்கரை இந்தக் கணக்கில் வராது, பழச்சாறு வரும்.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் தனிமனிதர் தலையில் கட்டுவது நியாயமே இல்லை. 100 மில்லிக்கு 5 கிராமும் அதற்கு மேலும் சர்க்கரை சேர்த்த குளிர்பானங்களுக்கு பிரிட்டன் 2018-இல் வரி விதித்தது. வரி நடைமுறைக்கு வரும் முன்பே பல நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைத்துவிட்டன. சர்க்கரையோ உப்போ கொழுப்போ மிகுந்த பொட்டலங்களின் முகப்பில் கறுப்பு எச்சரிக்கை முத்திரையை சிலி 2016-இல் கட்டாயமாக்கியது. இத்தகைய சட்டங்களை நாம் உரக்கக் கேட்க வேண்டும்.

அதுவரை குளிர்பானம் வாங்கும்போது 100 மில்லிக்கு 5 கிராம் என்ற அந்த அளவையே உங்கள் வீட்டின் வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். காபி, தேநீரில் போடும் சர்க்கரையை வாரத்துக்குக் கால் தேக்கரண்டி வீதம் குறைத்து வாருங்கள். நாக்கு மெல்லப் பழகிக்கொள்ளும்.