'மோர் தேன் வேர்ட்ஸ்' மட்டும் கேட்டவர்கள் அந்த ஆல்பத்துக்குள் போவது எப்படி

திருநெல்வேலியில் பாளையங்கோட்டை, டவுன், ஜங்ஷன் எங்கே வேண்டுமானாலும் பாருங்கள், கையில் கிடார் வைத்திருக்கிற பையனிடம் ஒரு இங்கிலீஷ் பாட்டு வாசி என்று சொன்னால் கொஞ்ச நேரத்தில் 'மோர் தேன் வேர்ட்ஸ்' வந்துவிடும். கல்லூரி கல்சுரல்ஸ், ஹாஸ்டல் மொட்டை மாடி, கல்யாண ரிசப்ஷன் என்று அந்தப் பாட்டு போகாத இடமே இல்லை. ஒரு அக்கூஸ்டிக் கிடார், இரண்டு குரல், அவ்வளவுதான். அது பிடித்துப்போய், சரி இவர்களுடைய முழு ஆல்பத்தையும் கேட்போம் என்று முதல் பாட்டைப் போடுகிறவர்கள் இரண்டாவது நிமிடத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். "என்னல இது, அதே ஆளுவதானா?" என்று கேட்கிறார்கள்.

அதே ஆட்கள்தான். எக்ஸ்ட்ரீம் என்கிற பாஸ்டன் நகரத்து ராக் பேண்டு, 1990 ஆகஸ்டில் வந்த 'போர்னோகிராஃபிட்டி' என்கிற அவர்களுடைய இரண்டாவது ஆல்பம். அதில் பெரும்பகுதி ஹெவியான, தாளத்தை முன்னால் வைக்கிற ஃபங்க் இசை கலந்த, வேகமான ஹார்டு ராக். அமைதியான பாட்டுகளை ஒரு கையில் எண்ணிவிடலாம். அதனால் இன்னொரு 'மோர் தேன் வேர்ட்ஸ்' கிடைக்கும் என்று தேடிப் போனால் ஏமாற்றம்தான். நான் சொல்ல வருவது வேறு. அந்த மென்மையான பாட்டை வாசித்த கிடாரிஸ்ட் நுனோ பெட்டன்கோர்ட்டின் வலது கைதான் மீதி ஆல்பத்தின் இடியையும் வாசிக்கிறது, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு போனால் எங்கேயும் தொலைந்துபோக மாட்டீர்கள்.

முதல் வேலை, உங்களுக்கு மனப்பாடமான அந்தப் பாட்டையே இன்னொரு தடவை போடுங்கள், ஆனால் இந்தத் தடவை குரலை விட்டுவிடுங்கள். கிடாரை மட்டும் கேளுங்கள். ஒவ்வொரு இரண்டாவது, நான்காவது தட்டிலும் 'டப்' என்று ஒரு அடி விழும். அது டிரம் இல்லை, நுனோ பெட்டன்கோர்ட் விரலால் மீட்டிக்கொண்டே அதே கையால் கிடாரில் தட்டுகிற அடி. கம்பியை மீட்டுகிற பிக் வில்லை கிடையாது, கட்டைவிரலும் மற்ற விரல்களும்தான். அந்தப் பாட்டின் கருப்பு வெள்ளை வீடியோவில் டிரம்ஸ் வாசிக்கிற பால் கியரியும் பேஸ் கிடார் வாசிக்கிற பாட் பேட்ஜரும் வேலை இல்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அவர்கள் இரண்டு பேருடைய வேலையையும் அந்த ஒரு கை சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. காதல் பாட்டு என்று நாம் உருகிக்கொண்டிருக்கிற பாட்டுக்குள்ளே ஒரு ஃபங்க் தாளம் ஓடுகிறது, அதுதான் இந்த ஆல்பத்துக்கான கதவு.

குரலையும் ஒரு தடவை தனியாகக் கேட்டுவிடுங்கள். பாட்டைப் பாடுவது பேண்டின் பாடகர் கேரி செரோன், கூடவே நுனோ. நம் பக்கம் கிடார் கற்றவர்களில் நிறையப் பேர் சர்ச் கொயரில் வளர்ந்தவர்கள், டெனர், ஆல்ட்டோ என்று பிரித்துப் பாடிப் பழகிய காது அவர்களுக்கு. அந்தக் காதுக்கு இரண்டாவது குரல் எங்கே ஒட்டுகிறது, எங்கே விலகுகிறது என்பது உடனே பிடிபடும். இந்த இரட்டைக் குரல் ஹெவியான பாட்டுகளின் கோரஸிலும் வரும், அங்கே இன்னும் ஆட்கள் சேர்ந்து தடித்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

வாசிக்கிறவர்களுக்கு ஒன்று. ரெக்கார்டோடு சேர்ந்து வாசித்தால் சுருதி ஒட்டவில்லையே என்று திணறாதீர்கள், ஆறு கம்பிகளையும் அரை ஸ்வரம் கீழே இறக்குங்கள். ஜி, அடுத்து பேஸில் பி வைத்த ஜி, அப்புறம் சி ஆட் நைன் என்று போகிற ஆரம்பம் அப்போதுதான் ரெக்கார்டில் இருக்கிற மாதிரி தளர்ந்து ஒலிக்கும். கார்டு மாற்றுவது சுலபம். தட்டு விடாமல் மாற்றுவதுதான் கஷ்டம். முதலில் இடது கையால் கம்பிகளை அமுக்காமல் மூடி வைத்துக்கொண்டு வலது கைத் தாளத்தை மட்டும் போட்டுப் பழகுங்கள். கார்டு தானாக வரும்.

இப்போது இரண்டாவது பாட்டு. நேராக 'கெட் த ஃபங்க் அவுட்' போடுங்கள். முதல் பாட்டில் இருந்து ஆரம்பிக்கச் சொல்லவில்லை, அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. இதில் பேஸ் கிடார் முன்னால் வந்து நிற்கும், பின்னால் டிரம்பெட், சாக்ஸஃபோன் மாதிரி ஊதுகருவிகள் வெட்டி வெட்டி விழும், கிடார் மூடிய கம்பியில் 'சிக் சிக்' என்று உரசிக்கொண்டே போகும். அந்த உரசலைக் கவனியுங்கள். சற்று முன் 'டப்' என்று தட்டிய அதே கை, இப்போது மின்சாரக் கிடாரில், சத்தம் பல மடங்கு. நடுவில் வருகிற சோலோவை வேகத்துக்காக மட்டும் எல்லோரும் புகழ்வார்கள். எனக்கு அதில் பிடித்தது நுனோ கம்பி தாண்டித் தாண்டி விரலால் தட்டி வாசிக்கும்போதும் தாளத்தை விட்டு ஓடாமல் இருப்பது, சோலோ முழுக்க கூடவே எண்ணிக்கொண்டு போகலாம், ஒரு இடத்திலும் தப்பாது.

சத்தம் அதிகமாக இருக்கிறது, எதைக் கேட்பது என்றே தெரியவில்லை என்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சுடலைமாடன் கோயில் கொடையில் நையாண்டி மேளத்துக்குப் பக்கத்தில் நின்று பழகிய ஊர் நம் ஊர். நாதஸ்வரம், தவில், பம்பை எல்லாம் ஒன்றாக முழங்கும்போது நம் காது பம்பையை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்கும், அப்புறம் தவிலுக்குப் போகும், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதே வேலையை இங்கேயும் செய்யுங்கள். ஒரு பாட்டை முதல் தடவை டிரம்ஸுக்காக மட்டும் கேளுங்கள், அடுத்த தடவை பேஸ், மூன்றாவது தடவை கிடார். இப்படிப் பிரித்துக் கேட்ட பிறகு மொத்தமாகக் கேட்டால் அது இரைச்சலாகவே இருக்காது.

எதில் கேட்பது என்பதும் முக்கியம். போன் ஸ்பீக்கரில் இந்த ஆல்பத்தைக் கேட்காதீர்கள், பேஸ் மொத்தமும் காணாமல் போய்விடும், மிச்சம் இருப்பது கிடாரின் கீச்சல்தான், அப்புறம் தலைவலிக்கிறது என்று பாட்டைக் குறை சொல்வீர்கள். சாதாரண வயர் ஹெட்செட் போதும். ஈக்வலைசரில் பேஸ் பூஸ்ட் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். இன்னொரு முக்கியமான எச்சரிக்கை: முதல் பாட்டான 'டெகடன்ஸ் டான்ஸ்' மழை, இடி, பியானோ என்று மெதுவாக ஆரம்பிக்கும். கேட்கவில்லையே என்று சத்தத்தைக் கூட்டிவிடாதீர்கள். பேண்டு உள்ளே வரும்போது காது பிளந்துவிடும்.

சரி, இப்போது முழு ஆல்பம். மொத்தம் 13 பாட்டு, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஷஃபிளை அணைத்துவிட்டு வரிசையாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் இதற்குள் ஒரு கதை நூல் ஓடுகிறது. பேராசை, காமம், அரசியல், பணம் என்று சீரழிந்த ஒரு நகரத்துக்குள் நடந்து போகிற ஒரு சின்னப் பையன். அட்டைப் படமும் அதுதான். தலைப்பைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், ஆல்பம் அந்த ஆபாசத்தைக் கொண்டாடவில்லை, கேள்வி கேட்கிறது. ஆனாலும் சில பாட்டுகளின் வரிகள் பச்சையாக இருக்கும், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஹாலில் போட்டு அலற விடாதீர்கள்.

இதற்கு நல்ல இடம் திருநெல்வேலியில் இருந்து செங்கோட்டை போகிற பாசஞ்சர் ரயில். பஸ்ஸில் போனால் டிரைவர் போடுகிற பாட்டோடு சண்டை போட வேண்டியிருக்கும், ரயிலில் அது இல்லை. ஜன்னல் சீட் பிடித்து, வண்டி கிளம்பியதும் ஆரம்பியுங்கள். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி என்று வயலும் மலையுமாகப் போய், அம்பாசமுத்திரம் பக்கம் வரும்போது ஆல்பம் கடைசிப் பாட்டுகளில் இருக்கும். குற்றால சீசன் சமயம் என்றால் கூட்டம் அதிகம், உட்கார இடம் கிடைப்பதே பெரிய விஷயம், அப்போது வேண்டாம்.

வரிசையில் கேட்டால் ஒன்று புரியும். நான்கு ஹெவியான பாட்டு முடிந்து ஐந்தாவதாகத்தான் 'மோர் தேன் வேர்ட்ஸ்' வருகிறது. அதற்கு முந்தினது நாம் தனியாகக் கேட்ட அதே 'கெட் த ஃபங்க் அவுட்'. அவ்வளவு சத்தத்துக்கு அடுத்து ஒரே ஒரு கிடார் ஒலிக்கும்போது, ஆயிரம் தடவை கேட்டுச் சலித்த பாட்டு புதுசாக இருக்கும். ரேடியோவில் இந்த அனுபவம் கிடைக்காது. அமெரிக்காவிலும் முதலில் வந்த ஹெவியான சிங்கிள்கள் பெரிதாக ஏறவில்லை, 1991 ஜூனில் இந்தப் பாட்டு பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்த பிறகுதான் ஆல்பம் முதல் பத்துக்குள் போனது. அதனால் உலகம் முழுக்க அவர்களை அமைதியான காதல் பாட்டுக்காரர்கள் என்றே நினைத்துக்கொண்டது.

அதற்கு அப்புறம் திரும்ப இடி. 'மனி', 'இட்ஸ் எ மான்ஸ்டர்', ஆல்பத்தின் பெயரையே கொண்ட பாட்டு என்று மூன்றும் தொடர்ந்து வரும். இங்கேதான் கேட்கிறவர்கள் களைத்துப்போவார்கள். களைத்தால் ஒன்றும் செய்ய வேண்டாம், அப்படியே ஓட விடுங்கள், ஏனென்றால் அடுத்து வருவது ராத்திரி ஹோட்டல் லவுஞ்சில் வாசிக்கிற மாதிரி ஒரு பியானோ ஜாஸ் பாட்டு, 'வென் ஐ ஃபர்ஸ்ட் கிஸ்ட் யூ'. இளைப்பாற இடம் அவர்களே வைத்திருக்கிறார்கள்.

'ஹீ-மேன் வுமன் ஹேட்டர்' பாட்டின் ஆரம்பத்துக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். ரிம்ஸ்கி-கோர்சகோவின் வண்டு பறக்கிற புகழ்பெற்ற இசைத் துண்டை நினைவுபடுத்துகிற ஒரு தனிக் கிடார் வாசிப்பு அது. நுனோ வாசிக்கிற ஸ்வரங்களுக்கு நடுவில் டிலே கருவியில் இருந்து எதிரொலி வந்து விழுகிறது, இரண்டும் பின்னிப்போய் மனிதக் கை வாசிக்க முடியாத வேகமாகக் கேட்கிறது. தாளம் கொஞ்சம் தப்பினாலும் எதிரொலி வந்து மோதிக் குழம்பிவிடும். வேகத்தை விட அந்தக் கணக்குதான் பெரிது.

கடைசிப் பாட்டு 'ஹோல் ஹார்ட்டட்'. 12 கம்பி கிடார், கூடவே முழு பேண்டு, நடையில் ஒரு துள்ளல். இதுவும் அமெரிக்காவில் நான்காம் இடம் வரை போனது. மென்மையான கையும் முரட்டுக் கையும் ஒரே பாட்டில் சேர்ந்திருப்பது இங்கேதான், அதனால் வீட்டில் யாராவது 'இந்த ஆல்பத்தில் இருந்து ஒரு பாட்டு போடு' என்று கேட்டால் நான் இதைத்தான் போடுவேன்.

ஒரே தடவையில் பிடிக்க வேண்டும் என்று இல்லை. ஒரு வாரம் கழித்துத் திரும்பக் கேளுங்கள், அப்போது முதல் பாட்டில் இருந்தே ஆரம்பிக்கலாம். பிடித்துவிட்டால் அவர்களுடைய அடுத்த ஆல்பம், 1992-இல் வந்த 'த்ரீ சைட்ஸ் டு எவ்ரி ஸ்டோரி', அதில் ஆர்கெஸ்ட்ராவும் நீண்ட பாட்டுகளும் உண்டு, அதனால் பொறுமை வேண்டும். 2023-இல் வந்த 'சிக்ஸ்' ஆல்பத்தில் முதல் பாட்டு 'ரைஸ்' கேட்டால் அந்த வலது கைக்கு இத்தனை வருஷத்தில் ஒன்றும் ஆகவில்லை என்று தெரியும். இதே மாதிரி இன்னொரு ஆல்பம் வேண்டும் என்றால் மிஸ்டர் பிக் பேண்டின் 'லீன் இன்டு இட்', 1991. எல்லோரும் பாடுகிற 'டு பீ வித் யூ' அதில் கடைசிப் பாட்டு. முதல் பாட்டில் கிடார் வாசிக்கிற பால் கில்பர்ட்டும் பேஸ் வாசிக்கிற பில்லி ஷீஹனும் எலெக்ட்ரிக் டிரில்லை வைத்துக் கம்பிகளை மீட்டுகிறார்கள், அதில் இருந்தே ஆரம்பியுங்கள்.