வன்னியில் யானைக் காடு எங்கே காவலில்லாமல் கிடக்கிறது? கியூஜிஐஎஸ் முதற்பயிற்சி

வட இலங்கையின் வன்னியில் உள்ள மடுவீதி தேசியப் பூங்காவின் எல்லையை ஒரு வரைபடத்தில் போட்டு, அதன்மேல் செய்மதியில் தெரியும் காட்டைப் போட்டுப் பாருங்கள். காடு அந்தக் கோட்டோடு நின்றுவிடுவதில்லை. கோட்டுக்கு வெளியே மிஞ்சுகிற துண்டுகளைக் கண்டுபிடிப்பதுதான் இன்றைய வேலை. எடுத்துக்கொண்டிருக்கும் விலங்கு யானை. இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 சதவீதத்தில் யானை நடமாடுகிறது, அந்தப் பரப்பில் 69 சதவீதத்துக்கு மேல் மனிதர்களும் குடியிருக்கிறார்கள் என்று 2021இல் வெளியான நாடளாவிய ஆய்வொன்று சொல்கிறது. அப்படியானால் பூங்கா எல்லைக்குள் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

கியூஜிஐஎஸ் (QGIS) வரைபடங்களை அடுக்கடுக்காகப் போட்டுக் கணக்குப் பார்க்கும் இலவச மென்பொருள். சாதாரண மடிக்கணினி போதும்.

1. தரவை இறக்குதல்

மூன்று தரவுகள் வேண்டும். முதலாவது கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாவட்ட எல்லைகள். இரண்டாவது 'புரொடெக்டட் பிளானட்' தளத்தில் கிடைக்கும் இலங்கையின் பாதுகாக்கப்பட்ட பகுதிகள். மூன்றாவது ஐரோப்பிய விண்வெளி முகமையின் 'வேர்ல்ட் கவர்' 2021 நிலப்போர்வை வரைபடம், அதாவது எங்கே மரம், எங்கே பயிர் என்று காட்டும் படம். அதில் ஒரு கட்டம் 10 மீற்றர்.

வேர்ல்ட் கவர் 3 பாகைக்கு 3 பாகையாக வெட்டப்பட்ட தாள்களாக வருகிறது. 9 பாகை வடக்குக் கோடு நம் வன்னியின் நடுவால் போவதால், வவுனியா நகர் ஒரு தாளிலும் மாங்குளம் அடுத்த தாளிலும் விழும். இரண்டையும் இறக்கி 'மெர்ஜ்' செய்து (ஒன்றாக ஒட்டி), மாவட்ட எல்லையால் வெட்டிக்கொள்ளுங்கள்.

பாதுகாக்கப்பட்ட பகுதிகளின் பட்டியலைத் திறந்ததும் தெரிந்த பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சுண்டிக்குளமும் மடுவீதியும் 2015 ஜூனில் தேசியப் பூங்காக்களாகின. கொக்கிளாய், வங்காலை, கட்டுக்கரைக்குளம் ஆகியவை சரணாலயங்கள். ஒதுக்குக் காடுகள் வேறு திணைக்களத்தின் கீழ் வருபவை. அவை உங்கள் கோப்பில் விடுபட்டிருந்தால், ஏற்கெனவே காவலில் உள்ள காடு 'இடைவெளி' (காவலில்லாத துண்டு) என்று பொய்யாகக் காட்டும். சில இடங்கள் எல்லையே இல்லாமல் வெறும் புள்ளியாக வரும். அவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள், கணக்கில் சேர்க்க வேண்டாம்.

2. எல்லாவற்றையும் மீற்றருக்கு மாற்றுதல்

இந்தத் தரவுகள் பாகைக் கணக்கில் வருபவை. மூன்றையும் மீற்றரில் அளக்கும் யூடிஎம் 44 வடக்கு என்ற ஆள்கூற்று முறைக்கு (கியூஜிஐஎஸ்ஸில் அதன் குறியீடு ஈபிஎஸ்ஜி 32644) மாற்றுங்கள். இதைச் சோம்பலில் விட்டுவிட்டு ஒருமுறை குளங்களைச் சுற்றி 500 மீற்றர் வளையம் போட்டேன். 500 பாகை வளையம் வந்து உலகத்தையே விழுங்கிவிட்டது!

நிலப்போர்வையை மாற்றும்போது, கிட்டவுள்ள கட்டத்தின் எண்ணை அப்படியே எடுக்கும் 'நியரஸ்ட் நெய்பர்' முறையையே தெரிவுசெய்யுங்கள். அதிலுள்ள எண்கள் அளவுகள் அல்ல, வகைகளின் பெயர்கள். 10 என்றால் மரம், 40 என்றால் பயிர். வேறு முறையில் மாற்றினால் இரண்டும் கலந்து 25 என்று, இல்லாத ஒரு வகை பிறக்கும்.

3. யானைக்கு எது வாழிடம்?

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் 10ஐ மட்டும் எடுத்துவிட்டுப் போகிறார்கள். யானை பாலை, முதிரை மரங்கள் நிற்கிற அடர்காட்டில் மட்டும் இருப்பதில்லை. பற்றைக்காடும், கோடையில் வற்றிய குளத்தடிப் புல்லும் அதற்கு நல்ல தீனி. ஆகவே 10, 20 (பற்றை), 30 (புல்) மூன்றையும் ராஸ்டர் கல்குலேட்டரில் (கட்டங்களின் எண்களை மாற்றும் கருவி) 1 ஆக்கி, மற்றதை 0 ஆக்குங்கள். 'சீவ்' கருவியால் சிறு பொட்டுக்களை நீக்கி, 'பொலிகனைஸ்' செய்யுங்கள் (கட்டங்களைப் பல்கோணங்களாக்குங்கள்). 0 வந்த பல்கோணங்களை அழித்துவிட மறக்க வேண்டாம்.

தேக்கந்தோட்டமும் தென்னந்தோப்பும்கூட 10 என்றே வரும். அதைக் கண்ணால் பார்த்துத்தான் விலக்க வேண்டும்.

4. கழித்தல்

இது இரண்டு நிமிட வேலை. வாழிடம், பாதுகாக்கப்பட்ட பகுதிகள் ஆகிய இரண்டு அடுக்குகளிலும் 'ஃபிக்ஸ் ஜியோமெட்ரீஸ்' ஓட்டி (கோட்டுப் பிழைகளைத் திருத்த), பாதுகாக்கப்பட்ட பகுதிகளை 'டிசால்வ்' செய்து (ஒன்றாக்கி), 'டிஃபரன்ஸ்' கருவியால் வாழிடத்திலிருந்து கழியுங்கள். பரப்பளவை 10,000ஆல் வகுத்தால் ஹெக்டேயர். பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். ஆனால் அளவை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டு பூங்காக்களுக்கு நடுவில் கிடக்கும் ஒரு சிறு துண்டு, ஒதுக்குப்புறமாக உள்ள பெரிய துண்டைவிட யானைக்கு உதவலாம்.

5. அந்தப் பச்சை யாருடையது?

எனக்கு இதுதான் முக்கியமான படி. மென்பொருளில் இதற்குப் பொத்தான் கிடையாது.

கொக்கிளாய், கொக்குத்தொடுவாய்ப் பக்கத்து மக்கள் 1984 இறுதியில் ஊரைவிட்டுப் போனவர்கள். போர் முடிந்த பிறகுதான் திரும்பினார்கள். கால் நூற்றாண்டு ஆளில்லாமல் கிடந்த வயலில் பற்றையும் மரமும் வளர்ந்துவிடும். செய்மதிக்கு அது காடு, திரும்பி வந்தவருக்கு அது அப்புவின் காணி. அதை 'பாதுகாப்பு இல்லாத வாழிடம்' என்று சிவப்படித்து ஒரு கூட்டத்தில் காட்டினால், நாளைக்கே அந்தக் காணியில் எல்லைக்கல் நாட்ட அது சான்றாகிவிடும்.

அதனால் பெரிய துண்டுகள் ஒவ்வொன்றையும் பழைய படத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு கட்டம் 30 மீற்றராக உள்ள லான்ட்சாட் செய்மதிப் படங்கள் 1980களிலிருந்து எடுக்கப்பட்டவை இலவசமாகக் கிடைக்கின்றன. கூகுள் ஏர்த்திலும் காலத்தைப் பின்னோக்கி நகர்த்தலாம். மரங்களுக்கிடையில் நேர்கோடுகளோ சதுரங்களோ தெரிந்தால் அவை பழைய வரப்புகளாக இருக்கலாம். வளைந்த ஒரு கோடு தெரிந்தால் உடைந்த குளத்தின் கட்டாக இருக்கலாம். வன்னிக் காட்டுக்குள் அப்படிக் குளங்கள் நிறையப் புதைந்து கிடக்கின்றன.

அப்புறம் ஊருக்குப் போங்கள். வீதியோரமாக நின்றே பார்க்கலாம். கண்ணிவெடி என்று எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகை கண்ட இடத்தில் கால் வைக்க வேண்டாம்.

என் அட்டவணையில் 'கேட்டாச்சா?' என்று ஒரு நிரல் வைத்திருக்கிறேன். கிராம சேவகரிடமும், அந்தப் பக்கம் வயல் செய்த ஒரு வயதானவரிடமும் விசாரித்த பிறகுதான் அதில் 1 போடுவேன். 1 இல்லாத துண்டுகள் எல்லாம் சாம்பல் நிறத்திலேயே இருக்கும்.