புடவைக் கரையை வெட்டாமல் குஷன் உறை

பழைய காட்டன் புடவையில் குஷன் உறை தைக்க உட்காருகிற பலரும் முதல் காரியமாக இரண்டு கரையையும் வெட்டி ஒதுக்கிவிடுகிறார்கள். அப்புறம் வெட்டிய இடம் பிசிறாமல் இருக்க மடித்து மடித்து அடிக்க வேண்டியதாகிறது. நெய்தவர் தறியிலேயே முடித்துக் கொடுத்த ஓரம் அது. அதையே உறையின் வாயாக வைத்துக்கொண்டால் ஜிப்பும் வேண்டாம், பட்டனும் வேண்டாம். இரண்டே நேர்த்தையல் போதும்.

இங்கே சொல்லும் அளவு 18 இஞ்ச் சதுர குஷனுக்கு.

முதலில் ஃபாலைப் பிரித்துவிட்டு, புடவையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் சல்லடையாக வரும் இடம் நைந்த இடம். ஃபால் தைத்த ஓரமும், தோளில் பின் குத்திய இடமும்தான் முதலில் போகும். இடுப்பில் உள்ளே செருகும் பகுதி பெரும்பாலும் நிறம்கூட மங்காமல் இருக்கும். ஐந்தரை மீட்டர் புடவையில் முந்தானையும் நைந்த பகுதியும் போக ஐந்தாறு உறை தேறும்.

துவைத்து, லேசாகக் கஞ்சி போட்டு, இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். கஞ்சி இல்லாத பழைய காட்டன் கத்தரிக்கடியில் வழுக்கிக்கொண்டே போகும். கரையில் ஜரிகை இருந்தால் இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வையுங்கள். செயற்கை ஜரிகை சுருண்டுவிடும்.

விரலை அடியில் வைத்தால் தெரிகிற அளவுக்குத் துணி மெலிந்திருந்தால் லைனிங் வேண்டும். இதற்குப் பழைய வேட்டியைவிட நல்ல துணி கிடையாது. சுருங்க வேண்டிய அளவு ஏற்கெனவே சுருங்கியிருக்கும். பாரிமுனை கொடவுன் தெருவிலோ தி.நகரிலோ புது பாப்ளின் வாங்கினால், ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்துத்தான் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் துவைப்பில் லைனிங் மட்டும் சுருங்கி, மேலே இருக்கும் புடவைத் துணி அப்பளம் மாதிரி சுருக்கம் விழும்.

சாயத்தையும் பார்த்துவிடுங்கள். ஈரமான வெள்ளைத் துணியைக் கரையின் மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால், போகிற சாயம் ஒட்டிக்கொள்ளும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். இப்போதைய சாயங்களில் அது பெரும்பாலும் பலிப்பதில்லை. சாயம் போகும் துணியைத் தனியாகத் துவைப்பதுதான் வழி. (சாயம் போகும் என்பதற்கே உத்தரவாதம் கொடுத்து 1960களில் அமெரிக்காவில் விற்ற துணி நம் ஊர்ப் பெயர் கொண்ட மெட்ராஸ் செக். குஷனில் சாய்கிறவரின் வெள்ளைச் சட்டைக்கு அந்தப் பெருமை தேவையில்லை.)

புடவையின் நீளவாக்கில் 19 இஞ்ச் அளந்து, அந்த இடத்தில் ஓர் ஊடு நூலை (கரைக்குக் கரை குறுக்காக ஓடும் நூல்) மெல்ல உருவுங்கள். நூல் போன இடம் கோடாகத் தெரியும். அதன் மேலேயே வெட்டுங்கள். கிழித்தால் நேராக வரும் என்பது புதுத் துணிக்குச் சரி, பழையது நைந்த பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். இப்போது கையில் 19 இஞ்ச் உயரமும், கரைக்குக் கரை சுமார் 45 இஞ்ச் அகலமும் உள்ள துண்டு இருக்கும். லைனிங் வைப்பதானால் 19க்கு 44 வெட்டி, இரண்டு ஓரத்தையும் அரை இஞ்ச் உள்ளே மடித்து, கரைகளின் உள்பக்கத்தில் கையால் ஹெம்மிங் செய்துவிடுங்கள்.

அடுத்தது மடிப்பு. கணக்குத் தப்பும் இடம் இதுதான். துணியின் நல்ல பக்கம் மேலே தெரியும்படி விரியுங்கள். கரை 4 இஞ்ச் அகலம் என்றால், முதலில் இடது ஓரத்தை 11 இஞ்ச் உள்ளே மடியுங்கள். பிறகு வலது ஓரத்தை 16 இஞ்ச் மடித்து அதன் மேல் போடுங்கள். மடித்த அகலம் 18 இஞ்ச். நடுவில் 9 இஞ்ச் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். உறையைத் திருப்பும்போது முதலில் மடித்த பக்கம்தான் மேலே வரும். எந்தக் கரை வெளியே தெரிய வேண்டுமோ அதை முதலில் மடிக்க வேண்டும். மாற்றி மடித்தால் ஃபால் தைத்த ஊசித் துளைகள் நட்ட நடுவில் உட்கார்ந்துகொள்ளும். சரியாக மடித்தால் கரை குஷனின் நடுவே பட்டையாக ஓடும், திறப்பு இருப்பதே தெரியாது. அதனால் வாய் உள்ள பக்கத்தையே முன்பக்கமாக வைக்கலாம்.

கரையின் அகலமோ புடவையின் அகலமோ வேறாக இருந்தால்: முதல் மடிப்பு 9 இஞ்சோடு கரையில் பாதி; மீதி எல்லாம் இரண்டாவது மடிப்புக்கு.

மேலும் கீழும் அரை இஞ்ச் தையலுக்கு விட்டு அடியுங்கள். 14 நம்பர் ஊசி, இஞ்சுக்கு 10 முதல் 12 தையல். மூலை வருவதற்கு 3 இஞ்ச் முன்பிருந்து தையலைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வாங்கி, மூலையில் முக்கால் இஞ்சில் முடித்தால் மூலைகள் நாய்க்காது போல நீட்டிக்கொண்டு நிற்காது. இரண்டு கரை ஓரங்களும் தையலைக் கடக்கும் இடத்தில் மூன்று முறை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். குஷனைத் திணிக்கும்போது முதலில் பிரிவது அங்கேதான்.

ஆரம்பத்திலேயே துணி ஊசித் தட்டின் ஓட்டைக்குள் போனால், அடியில் ஒரு துண்டு நியூஸ்பேப்பர் வைத்து அடித்துவிட்டுக் கிழித்தெடுங்கள். அடிப்பக்கம் நூல் கொத்தாகச் சிக்கினால் பாபினைத் திட்ட வேண்டாம்; அநேகமாக மேல்நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் உட்காராமல் இருக்கும். ஃபுட்டைத் தூக்கிவைத்து மறுபடி கோர்த்தால் சரியாகும்.

தைத்த இரண்டு ஓரங்களும் பிசிறாமல் இருக்க ஓவர்லாக் அவசியம். மெஷினில் ஜிக்ஜாக் இல்லையென்றால் தெருமுனை டெய்லரிடம் கொடுத்துவிடலாம், நிமிட வேலை. அதற்குப் பிறகு திருப்பி, மூலைகளைப் பென்சிலின் மழுங்கிய முனையால் தள்ளிவிடுங்கள்.

உள்ளே இலவம்பஞ்சு என்றால் சென்னைப் புழுக்கத்தில் கட்டிதட்டும். மாதம் ஒருமுறை உறையைக் கழற்றி, பஞ்சை மொட்டைமாடி வெயிலில் போட்டுத் தட்டிக்கொடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் எடுத்து வைக்கும் உறைகளில் கஞ்சி இருக்கக் கூடாது. கஞ்சித் துணி அலமாரியில் வெள்ளிப்பூச்சிக்கு விருந்து.

நைந்த பகுதியை எறிய வேண்டாம். 2 இஞ்ச் பட்டைகளாக வெட்டி, மூன்று மூன்றாகப் பின்னி, சுருளாக வைத்துக் கையால் தைத்தால் கால்மிதி. சுற்றும்போது பின்னலை இழுத்துப் பிடித்தால் கிண்ணம் போல் குழியும், மிகவும் தளரவிட்டால் ஓரம் அலை அலையாக எழும். ஒவ்வொரு சுற்றையும் தரையில் படுக்க வைத்தபடியே தையுங்கள்.