பழைய வீடியோவை எம்பி4 ஆக்குறப்ப தயவுசெஞ்சு இதெல்லாம் பண்ணாதீங்க

வீட்ல கிடக்குற ஏவிஐ, எஃப்எல்வி, 3ஜிபி (3GP), டிவிடி விஓபி (VOB) மாதிரி பழைய வீடியோ ஃபைலையெல்லாம் போன்ல ஓடுற மாதிரி மாத்தணும்னு யாராவது கேட்டுக்கிட்டே இருக்காங்க, அந்தக் காலத்துல நாங்க பண்ண அதே தப்புகளத்தான் திரும்பவும் பண்றாங்க. ரீநேம் பண்ணா கன்வெர்ட் ஆகாதுங்கறதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுடுறேன்.

இன்டர்லேஸைப் பாக்காம கன்வெர்ட் பண்றது

எனக்கு இன்னைக்கும் எரிச்சல் வர்றது இதுலதான். டேப் கேமரால எடுத்தது, டிவில ரெக்கார்ட் பண்ணது, இதுலல்லாம் பெரும்பாலும் ஒரு பிரேம்ங்கறது ஒரே நேரத்துல எடுத்த முழுப் படம் கிடையாது. ஒத்தைப்படை வரியெல்லாம் ஒரு நேரம், இரட்டைப்படை வரியெல்லாம் அதுக்கு அடுத்த நேரம், இதுதான் இன்டர்லேஸ். நம்ம ஊர் டிவி முறையான பால் (PAL) சிஸ்டம்னா 576 வரி, செகண்டுக்கு 25 பிரேம், ஆனா உள்ள இருக்கறது 50 ஃபீல்டு, அதாவது பாதி வரி மட்டும் இருக்கற அரைப் படம். டியூப் டிவி அதை மாத்தி மாத்திக் காட்டுச்சு, அதனால நமக்குத் தெரியல. போன்ல ரெண்டும் சேந்து ஒரே படமா வரும்போது அசையுற எல்லாத்தோட ஓரத்துலயும் சீப்புப் பல்லு மாதிரி கோடு விழும்.

தெரிஞ்ச தம்பி ஒருத்தர் அவங்க அப்பா எடுத்த மினிடிவி (MiniDV) கேமரா டேப்பையெல்லாம் கஷ்டப்பட்டு கம்ப்யூட்டர்ல ஏத்தி, ஏதோ ஒரு கன்வெர்ட்டர்ல 720பி செலக்ட் பண்ணி மொத்தமா ஓட விட்டுட்டார், அந்த ஏவிஐ ஒரு மணி நேரத்துக்கே கிட்டத்தட்ட 13 ஜிபி வரும், இடம் மிச்சமாகட்டும்னு எல்லாத்தையும் அழிச்சாச்சு, டேப்பையும் தூக்கிப் போட்டாச்சு. அப்புறம் வந்து, "அண்ணா, பாப்பா ஓடுற இடத்துல கால் மட்டும் ரெண்டு ரெண்டா தெரியுது, சரி பண்ணிடலாமா"ன்னு கேக்குறார். முடியாது. 576 வரியை 720 ஆ இழுத்தப்பவே ரெண்டு ஃபீல்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்துடுச்சு, எந்த வரி எந்த நேரத்தோடதுன்னு இனி யாராலயும் பிரிக்க முடியாது. அளவை மாத்தாம விட்டிருந்தாலாவது ஓரளவு மீட்டிருக்கலாம். டீஇன்டர்லேஸ்னு (ரெண்டு ஃபீல்டையும் பிரிச்சு முழுப் படமா ஆக்குறது) ஒரே ஒரு ஆப்ஷன், அதை எந்த கன்வெர்ட்டரும் முன்னாடி கொண்டுவந்து காட்டறதில்ல, அதுதான் கோவம் வருது.

இதுல இன்னொண்ணு, விஎல்சி பிளேயர்ல போட்டுப் பாத்தா எல்லாம் சுத்தமா தெரியும், ஏன்னா அது தானாவே டீஇன்டர்லேஸ் பண்ணிடும். வீடியோ மெனுல அதை ஆஃப் பண்ணிட்டு, யாராவது வேகமா கை வீசுற இடத்துல நிறுத்திப் பாருங்க. இல்லன்னா ஃபைல் விவரம் காட்டுற மீடியாஇன்ஃபோ சாஃப்ட்வேர்ல ஸ்கேன் டைப் இன்டர்லேஸ்டுன்னு இருக்கான்னு பாருங்க. இருந்தா ஹேண்ட்பிரேக்குங்கற கன்வெர்ட்டர்ல ஃபில்டர்ஸ் டேப் போய் டீஇன்டர்லேஸ் ஆன் பண்ணி 'பாப்' (Bob, ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு பிரேம் ஆக்குறது) எடுங்க, பிரேம் ரேட்டை 50னு நீங்களே வைங்க, 30க்கு மேல போகக்கூடாதுன்னு இருக்கற பிரீசெட்டை (ரெடிமேட் செட்டிங்) அப்படியே விட்டா அசைவுல நிறைய போயிடும். எஃப்எஃப்எம்பெக் (கமாண்ட் டைப் பண்ணி ஓட்டுற கன்வெர்ட்டர்) யூஸ் பண்றவங்க முதல்ல டீஇன்டர்லேஸ், அப்புறம்தான் அளவு மாத்தறது, இந்த வரிசை மாறவே கூடாது. படம் முன்னாடி பின்னாடி உதறுற மாதிரி இருந்தா ஃபீல்டு ஆர்டர், அதாவது எந்த ஃபீல்டு முதல்லங்கறது, தலைகீழா இருக்குன்னு அர்த்தம்.

தேவையே இல்லாம ரீஎன்கோட் பண்றது (படத்தைப் பிரிச்சு மறுபடி சுருக்குறது)

எஃப்எல்வி ஃபைல் நிறையத்துல உள்ள இருக்கறது எம்பி4ல வழக்கமா வர்ற எச்.264 வீடியோவும் ஏஏசி ஆடியோவும்தான், வெளி உறைதான் பழசு. எஃப்எஃப்எம்பெக்ல காப்பி ஆப்ஷன் போட்டா சில செகண்ட்ல எம்பி4 ஆயிடும், குவாலிட்டி துளி குறையாது. ஹேண்ட்பிரேக் எப்பவுமே வீடியோவை ரீஎன்கோட்தான் பண்ணும், இதுக்கு அது வேணாம்.

சத்தம் வரலைன்னு மொத்தத்தையும் மாத்துறது

பழைய போன் 3ஜிபி ஃபைல்ல ஆடியோ பெரும்பாலும் ஏஎம்ஆர்ங்கற ஃபார்மட்ல இருக்கும், பிரவுசர்ல ஓடாது. வீடியோ ஏற்கனவே எச்.264 ஆ இருந்தா அதை காப்பில விட்டுட்டு ஆடியோவை மட்டும் ஏஏசி ஆக்குங்க.

பிட்ரேட்டை (செகண்டுக்கு எவ்வளவு டேட்டாங்கறதை) ஏத்துறது

இல்லாத டீடெயில் வராது. ஃபைல்தான் வீங்கும்.

மாத்தினதையே மறுபடி மாத்துறது

எப்பவும் ஒரிஜினல்லேர்ந்து.

விஓபியைத் துண்டு துண்டா கன்வெர்ட் பண்றது

டிவிடில ஒரு விஓபி 1 ஜிபியைத் தாண்டாது, அதனால பேசிக்கிட்டு இருக்கற வார்த்தைக்கு நடுவுலயே ஃபைல் முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கும், தனித்தனியா மாத்தி அப்புறம் ஒட்டினா அந்த இடத்துல சத்தம் வெட்டிக்கும். டிவிடில இருக்கற வீடியோ_டிஎஸ் (VIDEO_TS) ஃபோல்டரை முழுசா ஹேண்ட்பிரேக்ல திறங்க.