ரீமேப் செய்த போலோ ஜிடி டிஎஸ்ஐ: செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபோக்ஸ்வேகன் போலோ காரின் உற்பத்தி இந்தியாவில் 2022இல் நின்றுவிட்டது. ஜிடி டிஎஸ்ஐ வேண்டுமென்றால் இனி செகண்ட் ஹேண்ட்தான். இங்கே பேசுவது 2013 முதல் 2020 வரை வந்த 1.2 லிட்டர் டர்போ வண்டியைப் பற்றி. கம்பெனியிலிருந்து வரும்போது 105 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டர். கூடவே 7 ஸ்பீடு டிஎஸ்ஜி, அதாவது இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியுவை ரீமேப் செய்தாலே (அதிலுள்ள மேப் என்ற மென்பொருளை மாற்றி எழுதினாலே) ஓட்டும் குணம் மாறிவிடும் என்பதால், கைமாறி வரும் வண்டிகளில் ரீமேப் பார்த்தவை நிறைய.

வாங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு, மாடிஃபை செய்ததாகச் சொல்லும் வண்டியை ஒதுக்கிவிட்டு, "ஸ்டாக் வண்டி சார், கையே வைக்கல" என்பதை நம்புவது. ஸ்கேனர் செருகும் ஓபிடி சாக்கெட் வழியாகப் பழைய மேப்பைத் திரும்ப ஏற்ற அரை மணி நேரம் போதும். கூடுதல் பூஸ்டில் (டர்போ தரும் காற்றழுத்தத்தில்) பிஸ்டனும் செயினும் கிளட்சும் பட்ட தேய்மானம் அப்படியே இருக்கும். எந்த மேப், யார் போட்டது, எந்த ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதியது, எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றியது என்று பில்லோடு காட்டுபவரின் வண்டியே எங்களுக்கு மேல். மறைத்த வேலைக்குத் தடயம் உண்டு. பழைய ரப்பர் ஹோஸில் புத்தம்புது கிளாம்ப் இருக்கும். சுற்றியுள்ள போல்ட்டெல்லாம் துருப்பிடித்திருக்க, டர்போவிலிருந்து புகை வெளியேறும் டவுன்பைப்பின் போல்ட்டில் மட்டும் ஸ்பேனர் பட்ட பளபளப்பு தெரியும். டேஷ்போர்டில் பூஸ்ட் கேஜ் திருகிய ஓட்டை இருக்கும். சேஸிஸ் நம்பரைக் கொடுத்து அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் விசாரியுங்கள். ரீமேப் கண்டுபிடிக்கப்பட்ட வண்டிக்கு ஃபோக்ஸ்வேகன் குழும சிஸ்டத்தில் டிடி1 என்ற குறி விழுந்திருக்கும். குறி இல்லை என்பதற்காக வண்டி சுத்தம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அடுத்து, சூடான இன்ஜினைப் பார்த்துவிட்டு வருவது. "நான் வருகிற வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் திறந்து இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்பலாம். இரவு முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்த முதல் சில விநாடிகளில் வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் இருக்கும் பக்கத்திலிருந்து சங்கிலியை டப்பாவில் போட்டுக் குலுக்கினாற்போல் சத்தம் வந்தால், செயின் நீண்டிருக்கிறது அல்லது அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கிறது. ஆயில் பிரஷர் ஏறியதும் சத்தம் அடங்கிவிடும். அதனால்தான் சூடான வண்டியில் இது பிடிபடாது. செயின் ஒரு பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும். செலவு இன்ஜினைப் பிரிக்கும் அளவுக்குப் போகும். 1.2 டிஎஸ்ஐயில் ஈஏ111 குடும்பத்துக்கு செயின், ஈஏ211 குடும்பத்துக்கு பெல்ட். உங்களுடையது எது என்று இன்ஜின் குறியீட்டை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை என்பதையும் நற்சான்றாக எடுக்கக் கூடாது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றியவர்கள், அதற்கான பிழைக் குறியீடு வராதபடி மேப்பிலேயே அடைத்துவிடுவார்கள். சாவியை ஆன் செய்யும்போது விளக்கு ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். ஸ்கேனரில் ரெடினெஸ் பகுதியை (வண்டி தன்னைத் தானே சோதித்து முடித்ததா என்று காட்டுவது) திறந்து பாருங்கள். எல்லாமே முடியாத நிலையில் இருந்தால், சமீபத்தில்தான் யாரோ பிழைக் குறியீடுகளை அழித்திருக்கலாம்.

ஒரு ரவுண்டு ஓட்டி, இழுவையில் மயங்கி, அட்வான்ஸ் கொடுத்துவிடுவது இன்னொரு தவறு. இழுவை நன்றாக இருப்பது டர்போ வேலை செய்கிறது என்பதற்கு மட்டுமே அத்தாட்சி. நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகளோ, மினுக்கும் குட்டி அலுமினிய மணிகளோ இருந்தால் அந்த சிலிண்டரில் நாக்கிங் (பெட்ரோல் கட்டுப்பாடின்றி வெடிப்பது) நடந்திருக்கிறது. மினுக்குவது பிஸ்டனிலிருந்து உருகிய உலோகம். குறைந்த ஆக்டேன் பெட்ரோலில் முரட்டு மேப்பை ஓட்டினால் வருவது இதுதான். ரிங்கைத் தாங்கும் பிஸ்டன் விளிம்பு உடைவது அடுத்த கட்டம். பிளக் ஓட்டை வழியாக போர்ஸ்கோப் எனும் குட்டிக் கேமராவை விட்டு சிலிண்டர் சுவரில் நெட்டுக் கீறல் இருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

பிறகு கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளப்பது. இன்ஜின் சூடாக, நாலு பிளக்கும் வெளியே, இக்னிஷனும் இன்ஜெக்ஷனும் துண்டித்து, ஆக்சிலரேட்டர் முழுதாக மிதித்த நிலையில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில் கிராங்க் செய்ய வேண்டும். அளவு எவ்வளவு என்பதைவிட நாலும் ஒத்துப்போகிறதா என்பது முக்கியம். ஒன்று மட்டும் 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் விஷயம் இருக்கிறது. அந்த சிலிண்டரில் லீக் டவுன் டெஸ்ட் (உள்ளே காற்றை அடைத்துக் கசிவை அளப்பது) போட்டுக் காதைக் கொடுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் காற்று சீறுகிறதா, தேய்ந்தது ரிங். சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, த்ராட்டில் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு. கூலன்ட் டேங்கில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். கசிவு 20 சதவீதத்தைத் தாண்டிய வண்டியை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

கியர்பாக்ஸை மறந்துவிடுகிறார்கள். இதில் இருப்பது டிகியூ200, உலர் கிளட்ச். 250 நியூட்டன் மீட்டர் வரை தாங்கும்படி வடிவமைத்தது. மேப் 230ஐத் தொட்டால் மிச்சமிருக்கும் தாங்குதிறன் மிகக் குறைவு. நெரிசலில் பிரேக்கை மெல்ல விட்டு ஊர்ந்து பாருங்கள். மேட்டில் நிறுத்தி எடுங்கள். முதல் இரண்டு கியர்களில் வண்டி உதறினால் கிளட்ச் செட்டுக்கும், தேவைப்பட்டால் கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக்ஸுக்கும் எஸ்டிமேட் வாங்கி, அதை விலையில் கழித்துப் பேசுங்கள்.

காகிதத்தில் ஒரு விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கிளைமை மறுக்கலாம். ஆகவே ஒரிஜினல் டவுன்பைப், கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், ஏர்பாக்ஸ் எல்லாவற்றையும் வண்டியோடு சேர்த்துக் கேளுங்கள். பின்னால் தனியாக வாங்கப் போனால்தான் அவற்றின் விலை தெரியும்.

டெஸ்டுக்கு விற்பவர் சம்மதிக்கவில்லையென்றால், கூலியை நீங்களே தருவதாகச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் மறுத்தால் அடுத்த வண்டியைப் பார்க்கலாம்.