திருமண மேசையில் குட்டித் தோட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூங்கொத்து ஒரு நாள் நன்றாக இருந்தால் போதும். தொட்டிச்செடியின் கணக்கு அப்படியல்ல. செலவைக் குறைக்க நினைத்து, பூங்கொத்துக்குப் பதிலாகச் சிறு கலன்களில் செடி நட்டுத் திருமண மேசைகளுக்குக் குட்டித் தோட்டம் செய்கிறவர்கள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டை மறந்துதான் தடுமாறுகிறார்கள். பூ வாங்குவது போலவே முந்தின நாள் நர்சரிக்குப் போகிறார்கள், இரவோடு இரவாக நடுகிறார்கள், காலையில் மேசையில் வைக்கிறார்கள். மாலை வரவேற்பு தொடங்கும்போது பாதிச் செடிகள் தலை தொங்கிக் கிடக்கின்றன.

காரணம் எளிது. நீரை உறிஞ்சுவது முடி போன்ற நுண்வேர்கள். தொட்டி மாற்றும்போது முதலில் அறுபடுவதும் அவைதான். இலைகள் வழக்கம்போல நீரை வெளியேற்றிக்கொண்டே இருக்க, கீழிருந்து வரத்து நின்றுவிடுகிறது. எனவே திருமண நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று வாரங்களுக்கு முன்பே நடவு முடிந்திருக்க வேண்டும்.

உண்மையான சிக்கனம் இன்னும் முன்னால் தொடங்குகிறது. வளர்ந்த செடிகளை வாங்கினால் பூங்கொத்தை விடச் செலவு கூடிவிடும். ஜேட், சீடம் போன்ற சதைப்பற்றுள்ள செடிகளை ஒரு தாய்ச்செடியிலிருந்தே பெருக்கலாம். சிறு தண்டுத் துண்டுகளைக் கிள்ளி, வெட்டுவாய் காயும்வரை மூன்று நான்கு நாட்கள் நிழலில் வைத்து நட்டால் இரண்டு முதல் நான்கு வாரங்களில் வேர்விடும். காயவிடாமல் ஈர மண்ணில் செருகினால் அழுகும். ரோஜாப் பூப்போல இலைகள் அடுக்கிய சதைப்பற்றுள்ள செடியான எச்செவேரியாவின் ஒற்றை இலையிலிருந்துகூடச் செடி வரும். ஆனால் பார்வைக்கு ஓர் உருவம் கிடைக்கப் பல மாதங்கள் ஆகும். நாள் குறித்தவுடனே தொடங்குகிறவர்களுக்கே அந்த வழி.

அடுத்தது தண்ணீர். நான் பார்த்த தோல்விகளில் அதிகமானவை இங்கேதான் நிகழ்ந்தன. தேநீர்க் கோப்பை, கண்ணாடிக் குவளை, தகர டப்பா என்று அழகான கலன்களைத் தேர்ந்தெடுக்கிறோம், எதிலும் துளை இல்லை. “அடியில் கூழாங்கல் போட்டால் நீர் வடிந்துவிடும்” என்ற நம்பிக்கை மிகப் பரவலானது, ஆனால் தவறானது. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகள் உள்ள கல் அடுக்குக்கு நீர் எளிதில் இறங்காது. மேலே உள்ள மண் முழுவதும் ஊறி நிறைந்த பிறகே சொட்டத் தொடங்கும். அதாவது, கல் போட்டதால் ஈரத் தேக்கம் வேருக்கு இன்னும் அருகே ஏறிவிடுகிறது. துளையிட முடிந்தால் துளையிடுங்கள். முடியாத கலனில் துளையுள்ள சின்ன பிளாஸ்டிக் தொட்டியோடு செடியை உள்ளே இறக்கி, விளிம்பைப் பாசியாலோ சிறு கற்களாலோ மறையுங்கள். நீர் ஊற்றும்போது வெளியே எடுத்து, வடிந்த பிறகு திரும்ப வைக்கலாம். விழாவுக்கு இரண்டு நாட்கள் முன்பே கடைசி முறையாக நீர் ஊற்றி முடித்துவிடுங்கள். அன்று காலை ஆசையோடு ஊற்றும் ஒரு குவளை நீர் மேசை விரிப்பில் வட்டக் கறையாகத்தான் முடியும்.

செடிகளைச் சேர்ப்பதிலும் கவனம் வேண்டும். படத்தில் அழகாக இருக்கிறது என்று பெரணியையும் எச்செவேரியாவையும் ஒரே கலனில் வைப்பது இரண்டுக்கும் தீங்கு. ஒன்று ஈரம் கேட்கும், மற்றது வறட்சி கேட்கும். மூடிய கண்ணாடிக் கலன் பெரணி, பாசி, இலை நரம்புகள் வண்ணக்கோடுகளாகத் தெரியும் ஃபிட்டோனியா ஆகியவற்றுக்கு ஏற்றது. 1829-இல் லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு, ஒரு கூட்டுப்புழுவை வைத்திருந்த மூடிய புட்டியின் ஈர மண்ணில் பெரணி முளைத்திருப்பதைக் கண்டார். செடிகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் கடல் கடந்து அனுப்பும் முறை அதிலிருந்துதான் பிறந்தது. அதே மூடிய ஈரத்தில் சதைப்பற்றுள்ள செடி அழுகிப்போகும். பெரணிக் கலனையும் வெயிலில் வைக்காதீர்கள், உள்ளே வெப்பம் ஏறிச் செடி வெந்துவிடும்.

எச்செவேரியாவைத் தொடும்போது அடியைப் பிடியுங்கள். இலைமேல் படிந்திருக்கும் வெண்பூச்சு விரல் பட்டால் அழியும், அந்த இலையில் அது மீண்டும் வராது. சாயம் தெளிப்பதையும் பளபளப்புத் தூள் ஒட்டுவதையும் அறவே விட்டுவிடுங்கள். இலைக்கு ஒளி வேண்டும். நட்டு முடித்த கலன்களை இருட்டு அறையில் அடுக்கி வைப்பதும் இதே தவறுதான். ஒளியைத் தேடித் தண்டு நீண்டு, வடிவம் குலைந்துவிடும்.

மேசையை அளக்காமல் கலன் வாங்காதீர்கள். 150 செ.மீ. விட்டமுள்ள வட்ட மேசையில் தட்டும் குவளையும் ஒவ்வொரு பக்கமும் சுமார் 40 செ.மீ. எடுத்துக்கொண்டால், நடுவில் 70 செ.மீ. மிஞ்சும். பரிமாறும் பாத்திரங்களுக்கும் அங்கேதான் இடம் வேண்டும். உயரம் 30 செ.மீ.க்குள் இருந்தால் எதிரே இருப்பவரின் முகம் மறையாது. எடையையும் நினைத்துப் பாருங்கள். 20 செ.மீ. அகலமும் 10 செ.மீ. ஆழமும் உள்ள கலன் மூன்று லிட்டர் மண்கலவை பிடிக்கும். ஈரத்தோடும் கலனோடும் மூன்று கிலோவைத் தாண்டலாம். பதினைந்து மேசைகளுக்கு அதைச் சுமப்பவர் யார், எந்த வண்டியில் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

சாப்பாட்டு மேசை என்பதால் மண் சுத்தமாக இருக்க வேண்டும். மட்காத உரம் நாறும். எப்போதும் ஈரமாக இருக்கும் மண்ணில் சின்னஞ்சிறு ஈக்கள் முட்டையிட்டு, சில வாரங்களில் பறக்கத் தொடங்கும். மேல்மண் காய்ந்த பிறகே நீர் விடுவதும், மேலே ஒரு சென்டிமீட்டர் பொடிக்கல் பரப்புவதும் நல்ல தடுப்பு. மெழுகுவர்த்தியைக் கலனுக்குள் செருகாதீர்கள். காய்ந்த பாசி சட்டென்று தீப்பிடிக்கும். குழந்தைகளின் கை எட்டும் இடம் என்பதால் பால் வடியும் யூஃபோர்பியாவும், வாயில் வைத்தால் எரிச்சலூட்டும் டிஃபன்பேக்கியாவும் வேண்டாம்.

முதலில் ஒரே ஒரு கலனை முழுதாகச் செய்து பாருங்கள். கலன், மண், கல், செடி எல்லாவற்றின் செலவையும் கூட்டி மேசைகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். வாடுவதற்கும் உடைவதற்கும் இரண்டைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லையும் மண்ணையும் கணக்கில் விட்டுவிடுவதால்தான் பலரது வரவு செலவு கடைசி வாரத்தில் இடிக்கிறது.

விழா முடிந்தபின் இவை யாருக்கு என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மாதக்கணக்கில் வளர்த்தவை அன்றிரவே குப்பைக்குப் போகும், அதை நினைத்தாலே எனக்கு மனம் கனக்கிறது. ஒவ்வொரு கலனிலும் செடியின் பெயரும், எத்தனை நாளுக்கு ஒருமுறை நீர் என்பதும் எழுதிய சிறு அட்டையைச் செருகி, விருந்தினருக்கே கொடுத்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் வேறு பரிசு பாருங்கள். பல நாடுகள் மண்ணோடு வரும் செடியை எல்லையிலேயே நிறுத்திவிடும்.